இலுப்பூர் கொட்டகையில் நான் பார்க்காத இருபது நிமிடம்

அந்தத் தபால் கார்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்டில் நான்கு வரிதான் இருந்தது. அறந்தாங்கியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 'அண்ணன் ஏன் அழுகிறான் என்று டைரக்டருக்கும் தெரியவில்லை, அண்ணனாக நடித்தவருக்கும் தெரியவில்லை என்று விமர்சனத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏழு வயதாகும் என் மகளுக்குத் தெரிகிறது. தாங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா?'

உறையில் வந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கார்டை யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். தபாலாபீசில் முத்திரை குத்தியவர், சைக்கிளில் கொண்டு வந்தவர், அச்சாபீசு வாசலில் வாங்கி என் மேஜையில் வைத்த கம்பாசிட்டர். அன்று முழுக்க ஒவ்வொருவர் முகத்தையும் திருடன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது இண்டர்மீடியட் முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல், புதுக்கோட்டையில் ஓர் அச்சாபீசில் புரூப் பார்த்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வீடு திருக்கோகர்ணத்தில். அச்சாபீசு முதலாளியே எட்டுப் பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். அதில் ஆறாம் பக்கம், சினிமா விமர்சனம், என்னுடையது. கேட்டு வாங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வாரம் ஆறாம் பக்கத்தில் பாதி காலியாக நின்றது, நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் எழுதியே கொடுத்துவிட்டேன். அப்படி ஒரு அவசரம் எனக்கு. இருபத்தொரு வயது. உலகத்தில் எடுக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பற்றி யாராவது ஒருவர் உட்கார்ந்து நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த ஒருவர் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நியாயம் என்பதற்கு என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய விதிகள் இருந்தன. டிக்கெட் என் காசில்தான். டவுன் தியேட்டர் மேனேஜர் ஒரு முறை ஓசிப் பாஸ் கொடுத்தனுப்பியபோது அதைத் திருப்பி அனுப்பினேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தியேட்டருக்கு வாராவாரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்துத்தான் எங்கள் அச்சாபீசே ஓடிக்கொண்டிருந்தது. "நோட்டீஸ் குடுக்குறவன் கையிலயே சூடு வைக்கிறியேப்பா" என்றார். ஆனாலும் என்னை நிறுத்தவில்லை. ஆறாம் பக்கத்துக்காகப் பத்திரிகை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு விதி, எழுதி முடிக்கிற வரை படத்தைப் பற்றி யார் பேசினாலும் காதில் வாங்கக்கூடாது. டீக்கடையில் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவேன். கொட்டகையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கத்தைக்கூடப் படிக்க மாட்டேன். படம் ஒன்று, நான் ஒருவன், நடுவே மூன்றாம் மனிதர் கிடையாது. இந்த விதி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தப் படம் டவுனுக்கு வந்தபோது எனக்கு விஷக் காய்ச்சல். எழுந்து நடமாடுவதற்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். முதலாளி பாட்டுப் புத்தகத்தை என் முன்னால் போட்டு, இதை வைத்து ஏதாவது எழுது, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றார். பார்க்காத படத்தைப் பற்றி எழுத மாட்டேன் என்றேன். அதே படம் இலுப்பூர் டெண்டுக் கொட்டகைக்குப் போயிருப்பதாகத் தெரிந்து, காய்ச்சல் விட்ட மறுநாளே பஸ் ஏறினேன்.

டெண்டுக் கொட்டகையில் மெஷின் ஒன்றுதான். இரண்டு இரண்டு ரீலாக ஒட்டி ஒரு சக்கரத்தில் சுற்றி வைத்திருப்பார்கள். ஒரு சக்கரம் ஓடி முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த சக்கரத்தை மாட்டுவார்கள். அதனால் ஒரு படத்துக்கு ஏழெட்டு இடைவேளை. அந்த நேரத்தில் மைக்கில் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அடுத்து வரும் படம், காணாமல் போன குழந்தை, பீடி விளம்பரம். நான் மணலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். பத்தாவது ரீலில் அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். விளக்கு வந்தது. காய்ச்சல் விட்ட உடம்பு, நாக்கு வறண்டது. வெளியே போய் ஒரு சோடா குடித்துவிட்டு வந்தேன். படம் ஆரம்பித்தது. அதே அண்ணன் தங்கையின் காலடியில் விழுந்து கதறிக்கொண்டிருந்தான். ஏன்? எதற்கு? ஒன்றும் இல்லை. படம் முடிவதற்கும் கடைசி பஸ் ஹாரன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸிலேயே, கண்டக்டர் விளக்கை அணைப்பதற்குள், மனசுக்குள் விமர்சனத்தை எழுதி முடித்துவிட்டேன். அண்ணன் ஏன் அழுகிறான் என்ற வரி வந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அந்த வரியைத்தான் எல்லாரும் பேசினார்கள். காரைக்குடியில் ஒரு தியேட்டர்க்காரர் அதைப் படித்துவிட்டு, படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். முதலாளி அதைப் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அந்தக் கார்டு.

கம்பாசிட்டர் டவுனிலேயே படத்தைப் பார்த்தவர். கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் நின்று, சும்மா கேட்கிற மாதிரி, அந்த அண்ணன் எதுக்குங்க அழுவுறான் என்று கேட்டேன். அவர் எழுத்துக் கோப்பதை நிறுத்தவில்லை.

"அம்மை போடுற கட்டத்தப் பாக்கலையா நீங்க? அவனுக்குப் பெரியம்மை போட்டு ஊரே கைவிட்ருது. கண்ணு தெரியாம கெடக்குறான். யாரோ ஒரு பொம்பள வந்து வேப்பெல போட்டுப் பாத்துக்குறா. கடைசியில அவ கையில சூட்டுத் தழும்ப தடவிப் பாத்துத்தான் தங்கச்சின்னு தெரியுது. நான் அழுதுட்டேன்."

அப்படி ஒரு கட்டம் நான் பார்த்த படத்தில் இல்லவே இல்லை.

மறுநாள் பகலில் இலுப்பூருக்குப் போனேன். வெயிலில் கொட்டகை வேறு மாதிரி இருந்தது. பக்கத்துப் படுதாவைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மெஷின் அறைக்குள் ஆபரேட்டர் கையால் சக்கரத்தைச் சுற்றி பிலிமை ரீவைண்டு செய்துகொண்டிருந்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஆவூர்க்காரர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. மெஷினுக்குள் எரிகிற கார்பன் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கண் எப்போதும் சிவந்திருந்தது. நான் இன்னாரென்று சொன்னேன். அவர் என்னைப் படித்திருந்தார். நல்லாக் கிண்டலாத்தான் எழுதுறீங்க என்றார். பதினோராவது, பன்னிரண்டாவது ரீல் எங்கே என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. வெளியே ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"இங்கிட்டு வாங்க தம்பி, சத்தம் போடாம பேசுவோம்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். முதல் காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸில் வருகிற பக்கத்து ஊர்க்காரர்கள். அன்னவாசல் வரைக்கும், அதற்கு அங்கிட்டும். கடைசி பஸ் போய்விட்டால் பெண்களும் பிள்ளைகளுமாக இருட்டில் நடக்க வேண்டும். படம் நீளமாக இருந்தால், பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற மாதிரி நடுவில் ஒரு சக்கரத்தை விட்டுவிடுவார். இரண்டாம் காட்சியில் முழுப் படமும் ஓடும். முதல் காட்சிக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. யாரும் உத்தரவு போட்டதில்லை, ஜனங்களே கேட்டு வந்த பழக்கம். விட்ட ரீலில் என்ன நடந்தது என்பதை அவரே மைக்கில் சொல்லிவிடுவார்.

"மைக்குல சொன்னேனே தம்பி. அம்மை போட்டது, தங்கச்சி வந்தது, தழும்பத் தடவுனது, எல்லாம் சொன்னேன். பொம்பளைக பக்கம் அழுதாக. நீங்க கேக்கலையா?"

நான் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். மைக் சத்தம் காதில் விழத்தான் விழுந்தது. படத்தைப் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்ததும், விதிப்படி, இன்னும் நாலு அடி தள்ளிப் போய் நின்றேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இத எழுதப் போறீங்களா?"

ஒப்பந்தப்படி ஒரு ரீலைக்கூட விடக்கூடாது. படத்தை வாடகைக்கு விடுகிற கம்பெனிக்குத் தெரிந்தால் கொட்டகைக்குப் படம் தர மாட்டார்கள். கொட்டகை முதலாளி, 'எனக்குத் தெரியவே தெரியாது' என்று சொல்லி ஆபரேட்டரை வெளியே தள்ளிவிடுவார். லைசென்சில் கறுப்புப் புள்ளி விழுந்தால் பிறகு எந்த ஊரிலும் மெஷினைத் தொட முடியாது. இதையெல்லாம் அவர் மெதுவாக, கையிலிருந்த பிலிம் துண்டை மடித்து மடித்துக்கொண்டே சொன்னார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் எழுதினது தப்பு, அதை நான் திருத்தியாக வேண்டும் என்றேன்.

"திருத்துங்க. திருத்தாட்டி நீங்க எழுதுறவரே இல்ல. நான் அத வேணாம்னு சொல்லல" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் திருத்தத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு மனிதரின் பிழைப்பு போய்விடும். சொல்லாமல் விட்டால் படம் எடுத்தவர்களின் பேர் போய்விடும். அவர்கள் செய்யாத தப்புக்கு நான் ஊரையே சிரிக்க வைத்துவிட்டேன். என் நோட்டுப் புத்தகத்தில் இதற்கு ஒரு விதியும் இல்லை. 'சென்ற இதழ் விமர்சனத்தில் ஒரு பிழை' என்று ஆரம்பித்து நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன். எங்கே பார்த்தேன் என்று சொல்லாமல், ஏன் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? முதலாளியிடம் கார்டைக் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு, ஒரு பொம்பளைப் பிள்ளை எழுதினதுக்கா இப்படி மூஞ்சி செத்துப் போயிருக்கே, அடுத்த வாரம் அடுத்த படம், ஜனங்க மறந்துரும் என்றார்.

மறக்காதவர் ஒருவர் திருச்சியில் இருந்தார். படத்தை வாங்கி இந்தப் பக்கத்துக்கெல்லாம் விடுகிற கம்பெனியின் ரெப்ரசென்டேட்டிவ். தோல் பையோடு ஒரு மத்தியானம் அச்சாபீசுக்குள் வந்து, பையிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்து, ஆறாம் பக்கத்தை மேஜையில் விரித்தார். என் வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

"எழுதுனதுக்குக் கோவிச்சுக்க வரலீங்க தம்பி. படம் நல்லால்லேன்னு எழுத உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா படத்துல இருக்குற கட்டம் இல்லேன்னு எழுதியிருக்கீங்க. பிரிண்டுல ரீல் போச்சோன்னு எங்களுக்குச் சந்தேகம். எங்க பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

டவுன் என்று சொன்னால் அந்த ஒரு பொய்யோடு போய்விடும் என்று நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, முகமெல்லாம் பெருமையாக, சொல்லிவிட்டார்.

"அவனப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது சார். பாக்காம ஒரு வரி எழுத மாட்டான். காய்ச்சல் விட்ட மறுநாளு, சொல்லச் சொல்லக் கேக்காம, இலுப்பூருக்கே போயி, மொத ஆட்டம் பாத்துட்டு வந்து எழுதுனது அது."

ரெப்ரசென்டேட்டிவ் இலுப்பூர் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பத்திரிகையை மடித்தார். படம் இன்னும் மூன்று நாள் அங்கேதான் ஓடும், நாம் ரெண்டு பேரும் இன்றைக்கே போய் முதல் ஆட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம் என்றார். வர முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் மாதிரி ஒரு நேரத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை. அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, வாசனைப் பாக்கை எனக்கும் நீட்டினார். நான் வாங்கவில்லை. சினிமாவில் எவ்வளவு திருட்டு நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரீலை வெட்டிப் பாட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள், ரெண்டு ஊரில் ஒரே பிரிண்டை ஓட்டுகிறவர்கள். ஒவ்வொரு ஆளையும் எப்படிப் பிடித்தார் என்று சொன்னார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, பஸ் எங்காவது டயர் வெடித்து நின்றுவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆபரேட்டரை எச்சரிக்க ஒரு வழியும் இல்லை. நான் அவருடன் போய் இறங்குவதைப் பார்த்தால் ஆபரேட்டர் என்ன நினைப்பார்? காட்டிக் கொடுக்க நானே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்றுதான் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அப்படித்தான் நடந்தது. மெஷின் அறை வாசலில் ரெப்ரசென்டேட்டிவ் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது ஆபரேட்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தச் சிவந்த கண்ணும் நல்ல கண்ணும் ஒரு நொடி. பிறகு வாங்க சார் என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். ரெப்ரசென்டேட்டிவ் டப்பாக்களை எண்ணினார். பதினாறு ரீலும் இருந்தது. இருந்தும் அவர் கிளம்பவில்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கதவோரம் நின்றேன்.

படம் ஓடியது. ஒவ்வொரு இடைவேளையிலும் ஆபரேட்டர் மைக்கை எடுக்காமல் அடுத்த சக்கரத்தை மாட்டினார். பத்தாவது ரீலில் அண்ணன் தங்கையைத் துரத்தினான். விளக்கு வந்தது. ஆபரேட்டரின் கை பதினோராவது ரீல் சக்கரத்தை எடுத்து மாட்டுவதைப் பார்த்தேன். பிலிம் மெஷினின் பற்சக்கரத்தில் உட்காரவில்லை, இரண்டாம் தடவைதான் உட்கார்ந்தது. கீழே பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. என்னண்ணே, இன்னிக்கு மைக்கு ஓடலையா? உடனே அவளை யாரோ அடக்கினார்கள். பிறகு ஒரு தலை திரும்பி மெஷின் அறையைப் பார்த்தது. தோல் பையோடு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. அப்புறம் நாலு தலை, பத்துத் தலை. கொட்டகை முழுக்கச் சத்தமில்லாமல் ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது. விளக்கு அணைந்தது.

அம்மை போட்ட கட்டம் வந்தது. நான் அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். பயத்திலும் ஒன்று தெரிந்தது, அந்தக் கட்டம் நன்றாக இருந்தது. கண் தெரியாத அந்த மனிதன் தழும்பைத் தடவுகிற இடத்தில் பாட்டும் கிடையாது, வசனமும் கிடையாது. நான் சிரித்து எழுதிய ஆள் அவ்வளவு நேரம் விரலாலேயே நடித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதே பஸ் ஹாரன் அடித்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவருக்கு விஷயம் தெரியாது, மறுபடி அடித்தார். ஒரு குழந்தை வீட்டுக்குப் போகணும் என்று அழுதது. மூன்றாவது ஹாரனும் அடித்து, பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. ஒரு ஆள் அசையவில்லை. எழுந்தால், தினமும் முதல் ஆட்டம் பஸ்ஸுக்கு முன்னாலேயே முடிகிறது என்று தோல் பைக்காரருக்குத் தெரிந்துவிடும். எத்தனை மைல் நடக்க வேண்டும் என்று அந்தக் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். ஆபரேட்டர் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

படம் முடிந்ததும் ரெப்ரசென்டேட்டிவ் என் பக்கம் திரும்பினார். வாசலில் ஜனம் நின்றுகொண்டிருந்தது, போகாமல்.

"இப்பப் பார்த்தீங்கள்ல தம்பி, இந்த ரெண்டு ரீலு. அன்னிக்கு இது ஓடுச்சா, ஓடலையா? அத மட்டும் சொல்லுங்க."

நான் ஜனத்தைப் பார்க்கவில்லை. ஆபரேட்டரையும் பார்க்கவில்லை. பார்த்தால் பேச முடியாது என்று தெரிந்தது.

"நான் பார்க்கல சார். வெளியில சோடா குடிக்கப் போயிட்டேன்."

"இருவது நிமிஷமா?"

"காய்ச்சல் விட்ட ஒடம்பு. ஒக்காந்துட்டேன்."

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவரும் வேறு மாதிரி சொல்லப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பையிலிருந்து காகிதம் எடுத்து, பேனாவைத் திறந்து கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். 'மேற்படி படத்தின் பதினொன்று, பன்னிரண்டாவது ரீல்கள் திரையில் ஓடியபோது நான் கொட்டகையில் இல்லை. முழுமையாகப் பார்க்காமல் விமர்சனம் எழுதியது என் தவறு.' ஓடியபோது என்ற சொல்லுக்கு வந்ததும் என் கை நின்றது. மற்றதெல்லாம் உண்மை. நான் இல்லை என்பது உண்மை, தவறு என்பது உண்மை. அந்த ஒரு சொல் மட்டும் நான் பார்க்காதது. பார்க்காத ஒன்றை ஒருநாளும் எழுத மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அந்தச் சொல்லை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

அவர் இரண்டாம் காட்சிக்கும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் அன்னவாசல் வரைக்கும் அந்த ஜனத்தோடு நடந்து, சத்திரத்து வாசலில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். வழியில் யாரும் எனக்கு நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தூங்குகிற பிள்ளைகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

அந்த வாரப் பத்திரிகையில் நான் எழுதிக் கொடுத்த அந்த வாசகம் கட்டம் கட்டி வந்தது. அதற்குப் புரூப் பார்த்தவனும் நான்தான். முதலாளி என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் வலித்தது. ஆறாம் பக்கத்தில் சமையல் குறிப்பு போட ஆரம்பித்தார். டவுன் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர், இன்னிக்காவது முழுசா இருப்பீங்களா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கேலி பழகிவிட்டது. பழகாதது வேறு. கையெழுத்துப் போட்ட காகிதம் திருச்சியில் ஒரு பைலில் இருக்கிறது. நம்பாத மனிதர் திரும்பவும் ஒரு நாள் வருவார். ஆபரேட்டர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியாமல் எனக்கு இருப்பு கொள்ளவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் இலுப்பூருக்குப் போனேன். வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது, நான் டவுனில் முழுதாகப் பார்த்த படம். மெஷின் அறைத் துவாரத்தில் அவர் தலை தெரிந்தது. மூச்சு வந்தது. உட்கார்ந்து பார்த்தேன்.

இடைவேளைகளில் மைக் பேசவில்லை. ஒரு சக்கரமும் விடவில்லை. எல்லா ரீலும் வரிசையாக ஓடியது. பஸ் ஹாரன் அடித்தபோது கதை உச்சத்தில் இருந்தது. முதலில் பெண்கள் பக்கம் ஒரு வரிசை எழுந்தது, பிறகு பாதிக் கொட்டகை. திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மணலை உதறிக்கொண்டு வெளியே போனார்கள். யாருக்கும் முடிவு தெரியாது. ஆபரேட்டர் எப்போது யார் வந்து நிற்பார் என்று பயந்து, இனி ஒரு அடி பிலிமைக்கூட விடுவதில்லை, மைக்கையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. அதைச் செய்தது என் விமர்சனம்.

நானும் அவர்களோடு ஏறி, பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தாள். அன்றைக்கு மைக்கு ஓடலையா என்று கேட்ட குரல்.

"பேப்பர்ல எழுதுன தம்பிதான நீங்க? இந்தப் படத்தப் பாத்துட்டீகளா?"

பார்த்துவிட்டேன் என்றேன்.

"முழுசாவா?" என்றாள். பஸ் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, சரி, கடைசியில என்ன ஆச்சு, சொல்லுங்க என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. முன் சீட்டிலிருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். நல்ல படமா, கெட்ட படமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு விமர்சனம் எழுதும்போது வராத பயம் அப்போது வந்தது. ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது, ஒன்றைக் குறைத்துவிடக் கூடாது. அவர்கள் எழுந்து வந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன். கோர்ட்டு, சாட்சி, அம்மாவின் கடிதம். இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன். நடுவில் ஒருவர், அந்த வக்கீலு என்ன செஞ்சான் என்றார், அதையும் சொன்னேன். அன்னவாசல் வந்துவிட்டது. அந்தப் பெண் பிள்ளையோடு படியில் இறங்கி நின்றுகொண்டு, முடிங்க முடிங்க என்றாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முறைத்தார். நான் அவசர அவசரமாக முடித்தேன். மகன் விடுதலையாகி வெளியே வருகிறான், வாசலில் அப்பா நிற்கிறார், அவ்வளவுதான் என்றேன். அவள் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

விசில் ஊதிப் பஸ் நகர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த அப்பா மகனைக் கூப்பிடுவதில்லை. பார்த்துவிட்டு, திரும்பி நடந்து போய்விடுகிறார். அந்தப் படம் முழுக்க அதற்காகத்தான் எடுத்தது. நான் ஜன்னலில் எக்கிப் பார்த்தேன். இருட்டில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் தவறாகச் சொன்ன முடிவோடு, அவள் வயல் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.